பிரயாண முகவராகப் புகும் இளைஞருக்கு



பிரயாண முகவர் தொழிலை நாடி எம்மிடம் வரும் இளைஞர் பலர், உலகைச் சுற்றிப் பார்க்கும் ஆசையுடனேயே வருகின்றனர். சுற்றுவோர் வாடிக்கைக்காரர், மேசையடியில் இருந்து பெயரும் திகதியும் சரிபார்ப்போர் நாம்.

வருவாயைப் பற்றியும் மயக்கம் வேண்டாம். முன்னர் விமானக் கம்பனிகள் தந்த தரகே முகவரின் சீவனமாக இருந்தது. 1995இல் அமெரிக்கக் கம்பனிகள் அதற்கு எல்லை வகுத்தன. 2002இல் அங்கு அடிப்படைத் தரகே நின்றது. பிற நாடுகளிலும் அது குறைந்துவிட்டது. இன்று சேவைக் கட்டணமே பெரும்பாலும் எமக்கு மிஞ்சுவது. கையில் வாங்கும் சீட்டுப் பணமோ, குறித்த நாளில் கம்பனிக்குச் செலுத்தவேண்டிய பிறர் பணம். அதில் கைவைத்தவன் நிலைக்கமாட்டான்.

சீட்டைக் கைத்தொலைபேசியிலேயே வாங்கலாம். அப்படியிருந்தும் மக்கள் எம்மிடம் வருவது, பிழை நேராது என்ற நம்பிக்கையினாலன்றோ?

எம்மவர் பெயரில் தந்தை பெயர் முன்னே நிற்கும்; விமானச் சீட்டோ குடும்பப் பெயரைக் கேட்கும். நாம் தொழில் தொடங்கிய காலத்தில், காசிக்குப் புறப்பட்ட மூதாட்டி ஒருவரின் பெயரை, கடவுச்சீட்டைப் பாராது, மகன் சொன்னபடி எழுதினோம். விமான நிலையத்தில் அவரைத் தடுத்துவிட்டனர். புதுச் சீட்டுக்கு நாமே பணம் கொடுத்தோம். ஆனால், கங்கைக் கரையில் கணவருக்குச் செய்ய எண்ணியிருந்த திதி கடந்துவிட்டது. அதை எவ்வாறு ஈடுசெய்வது?

ஆகவே இளைஞர்களே, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் முறைப்படி பதிவு செய்யுங்கள். கடவுச்சீட்டு இன்னும் 6 மாதமாவது செல்லுமா என்று பாருங்கள். ஒவ்வோர் எழுத்தையும் இருமுறை வாசியுங்கள். நாம் விற்பது சீட்டன்று, கவனமே.