அறுவைக்குப் பின் எழும் வினா



நுரையீரலில் புற்றுநோய் கண்ட பகுதியை அறுத்து நீக்கி, தையலும் ஆறி, நோயாளி மெல்ல மாடிப்படி ஏறத் தொடங்கும் வேளையில், மருத்துவர் மேலும் ஒரு சிகிச்சையைப் பற்றிப் பேச்செடுக்கிறார். "கட்டியைத்தான் எடுத்துவிட்டார்களே, இன்னும் என்ன?" என்று வீட்டார் திகைக்கின்றனர். தாதரை அடுத்த பரேலில் 1941-இல் திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனையை நாடி வருவோர்க்கும், அவர்களுக்கு இடமளிக்கும் நம்மவர்க்கும் இவ்வினா புதியதன்று.

இச்சிகிச்சைக்கு ஆங்கில மருத்துவ நூல்கள் ஆளும் சொல், 'உதவுதல்' என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து பிறந்தது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்குத் 'துணைச் சிகிச்சை' என்பதே பொருந்துவதாகத் தோன்றுகிறது. அறுவையே முதன்மை, படத்துக்கும் புலப்படாமல் உடலில் எஞ்சியிருக்கக்கூடிய நோயணுக்களை அழிப்பது துணையின் வேலை. அவை எஞ்சியுள்ளனவா என்று உறுதியாகச் சொல்ல வல்லார் இலர். இடர்ப்பாடு முழுதும் இங்கேதான்.

1933-இல் அமெரிக்க மருத்துவர் எவர்ட்ஸ் கிரகாம், புற்றுநோய்க்காக ஒருவரின் ஒரு பக்க நுரையீரலை முழுவதும் நீக்கினார். இன்றைய மருந்துகள் எவையும் இல்லாத காலம். எனினும் அந்நோயாளி ஏறத்தாழ முப்பதாண்டு வாழ்ந்தார். அறுத்த கிரகாமோ 1957-இல் அதே நோயால் மறைந்தார்! அந்நோயாளிக்கு வாய்த்த பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

2008-இல் வெளியான ஆய்வொன்று, ஐந்து பெரிய சோதனைகளில் பங்கேற்ற 4,584 பேரின் விவரங்களை ஒருங்கே திரட்டியது. அறுவைக்குப் பின் சிஸ்பிளாட்டின் அடங்கிய கீமோதெரபி பெற்றோருள், ஐந்தாண்டு கடந்தும் உயிருடன் இருந்தோர் நூற்றுக்கு ஐவர் அளவில் மிகுதி. ஐவர்தாமா என்று ஒருவர் கருதலாம்; அவ்வைவருள் தம் தந்தையும் ஒருவராயின்? மற்றவருள் சிலர் மருந்தின்றியே பிழைத்திருப்பர். சிலரை மருந்தும் காக்கவில்லை. வாந்தியையும் சோர்வையும் இவர்களும் தாங்கவே வேண்டியிருந்தது.

இப்பயனும் எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. கட்டி சிறிதாய், நிணநீர் முடிச்சுகளில் நோய் பரவாத தொடக்க நிலையினர்க்கு மருந்தால் நன்மை காணப்படவில்லை. தீங்கும் நேரலாம் என்றே அவ்வாய்வு காட்டிற்று. இரண்டாம், மூன்றாம் நிலையினர்க்கே பயன் தெளிவு. ஆகவே பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டியின் அளவென்ன, எத்தனை முடிச்சுகளில் நோய் இருந்தது, அறுத்த விளிம்பு தூயதா என்று மருத்துவரை வினவுக. தயங்க வேண்டுவதில்லை.

மற்றொன்றும் கேட்கத்தக்கது. நம் நாட்டில் அடினோகார்சினோமா வகை நோயாளருள் கணிசமானோர்க்கு, புகைபிடித்தறியாத பெண்டிர் உட்பட, ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. அவர்களுக்கு ஓசிமெர்டினிப் என்னும் மாத்திரை உண்டு. மூன்றாண்டு நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். 2023-இல் வெளியான முடிவின்படி, ஐந்தாண்டுக்குப் பின் உயிருடன் இருந்தோர் அதனைப் பெற்றவருள் நூற்றுக்கு 88, பெறாதவருள் 78. விலை மிகுதி என்பதை மறைப்பதற்கில்லை.

எண்களுக்கு அப்பால் ஆளும் உண்டு. சிஸ்பிளாட்டின் சிலர்க்குச் செவியை மந்தமாக்கும். விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும். தாராவியில் தோல் தைப்பவர்க்கும், மாதுங்காவில் வீணை கற்பிப்பவர்க்கும் விரல் மரத்தல் சிறிய செய்தியன்று. இதனை நோயாளியிடமே கேட்டறிய வேண்டும். நம் இல்லங்களிலோ, மூத்த மகனும் தாய்மாமனும் தாழ்வாரத்தில் நின்று முடிவு செய்துவிட்டு, உள்ளே வந்து "சத்து ஊசி" என்கின்றனர். இவ்வழக்கம் எனக்கு உடன்பாடன்று. மருந்தின் நான்கு சுற்றுகளையும் தாங்கவேண்டிய உடல் எவருடையதோ, அவரன்றோ முதலில் கேட்கப்பட வேண்டியவர்?

பெரும்பாலும் அறுவை முடிந்த நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் மருந்தைத் தொடங்குவர். ஆற அமரச் சிந்திக்கச் சில நாள் உண்டு; சில மாதம் இல்லை. மும்பையில் தங்கும் செலவைத் தாங்க இயலாதோர் ஊர் திரும்பி, 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ பிறவிடத்திலோ தொடரலாம். அங்ஙனமாயின், அறிக்கையுடன் கண்ணாடித் தகடுகளையும், சதைத்துணுக்கு பதித்த மெழுகுக் கட்டிகளையும் இங்கேயே கேட்டுப் பெற்றுக்கொள்க; மரபணுச் சோதனைக்கு அக்கட்டிகள் வேண்டும்.