அந்த ‘ஆனா’



கல்முனையிலிருந்து மேற்கே நாவிதன்வெளிக்கு வருகிறவர்களுக்குக் கிட்டங்கித் தாம்போதி தெரிந்திருக்கும். மாரி மழை பலத்தால் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். அந்த நாளில் உழவு இயந்திரம் வரும்வரை கரையில் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கிற சனத்துக்குக் கதைதான் துணை. அப்படி ஒரு மழை நாளில், தேநீர்க் கடை வாங்கில் பிளேன்டீயும் கையுமாக இருந்தபோது என் காதில் விழுந்த இரண்டு வசனங்களைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறேன்.

ஒருவர் சொன்னார்: “அந்த மனிசன் கோயில் குளம் எண்டு போறதில்ல. ஆனா நல்ல மனிசன்.”

பக்கத்தில் இருந்த ஒரு முஸ்லிம் காக்கா தன் ஊரார் ஒருவரைப் பற்றிச் சொன்னார்: “அஞ்சு நேரமும் தொழுவார். ஆனா கொடுக்கல் வாங்கல் சரியில்ல.”

ஆளையும் ஊரையும் மாற்றிப் பாருங்கள். திருநீறு பூசாமல் வெளிக்கிடமாட்டார், ஆனா வாய் திறந்தால் பொய். ஞாயிறு பூசை தவறவிடமாட்டார், ஆனா கூலியை இழுத்தடிப்பார். சாளம்பைக்கேணியில் பள்ளிவாசலும், சொறிக்கல்முனையில் தேவாலயமும், பார்க்கும் இடமெல்லாம் கோயிலும் உள்ள பிரதேசம் இது. இங்கே எந்தக் கடையில் குந்தினாலும் இந்த இரண்டு வசனங்களில் ஒன்று காதில் விழும்.

அந்த ‘ஆனா’வைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் வசனத்தில் அது வியப்பைக் காட்டுகிறது. கோயிலுக்குப் போகாதவன் நல்லவனாக இருக்கிறானே என்ற வியப்பு. இரண்டாவதில் அது ஏமாற்றம். தொழுகிறவர் இப்படிச் செய்யலாமா என்ற ஏமாற்றம். மதமும் நன்னடத்தையும் ஒன்றாகத்தான் வரும் என்று நாம் எதிர்பார்ப்பதால்தான் இரண்டிடத்திலும் ‘ஆனா’ தேவைப்படுகிறது. அந்த எதிர்பார்ப்பு அடிக்கடி பிழைத்துப்போகிறது என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் அந்த வசனங்கள் இவ்வளவு பழக்கப்பட்டுப் போயிருக்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. தொழுகிறவரின் கொடுக்கல் வாங்கலைப் பிழை என்று சொல்ல, தொழுகையைத் தவிர வேறு ஒரு அளவுகோலும் அந்தக் காக்காவின் கையில் இருக்க வேண்டுமல்லவா? அது எங்கிருந்து வந்தது? “மார்க்கம்தான் தந்தது” என்று அவர் சொல்வார். அதில் நியாயம் உண்டு. திருக்குர்ஆனின் 107ஆவது அத்தியாயமான ‘அல்மாஊன்’ மிகச் சிறியது. அநாதையை விரட்டுகிறவரையும், தொழுதுகொண்டே அற்ப உதவியைக்கூட மறுக்கிறவரையும் அது கண்டிக்கிறது. வணக்கம் மட்டும் போதாது என்பதை மதமே சொல்லித்தான் வைத்திருக்கிறது.

ஆனாலும் கேள்வி ஓயவில்லை. நல்லது என்பது இறைவன் சொன்னதால் நல்லதா, நல்லது என்பதால் இறைவன் சொன்னானா? கிரேக்கத்தில் பிளேட்டோ இதை ஓர் உரையாடலாகவே எழுதினார். பிறகு பஸ்ராவிலும் பக்தாத்திலும் முஸ்லிம் அறிஞர்கள் இதே கேள்வியில் பிரிந்து நின்றார்கள். நன்மை தீமையை மனித அறிவே கண்டுகொள்ளும் என்றார்கள் முஃதஸிலாக்கள். இறைவனின் கட்டளைதான் ஒன்றை நன்மையாக்குகிறது என்றார்கள் இமாம் அஷ்அரியின் வழிவந்தவர்கள். ஆகவே இதைக் கேட்பது மதத்துக்கு விரோதம் என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. மதத்துக்குள்ளேயே இருந்து கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

நேயர்களே, நம் நாட்டில் இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே விடையாக வைத்த ஒருவர் இருந்தார். ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் ஒரு கிறிஸ்தவக் குருவின் மகனாகப் பிறந்தவர். 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் படிப்பிக்க வந்தவர், கடைசிவரை இலங்கையிலேயே வாழ்ந்தார். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கல்லூரியில் ஒருமுறை வேதாகமப் பாடத்தையும் அவரிடம் கொடுத்தார்களாம். பிள்ளைகள் பரீட்சையில் திறமாகச் சித்தியடைந்தார்கள். அடுத்த வருடம் அந்தப் பாடம் அவருக்குக் கொடுபடவில்லை. பிள்ளைகள் சித்தியடைந்ததோடு நம்பிக்கையையும் விட்டுவிட்டார்கள் என்பதுதான் காரணமாம்!

இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்த கோவூர், மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். அவர் சாகும்வரை அந்தப் பணத்தை யாரும் வென்றெடுக்கவில்லை. பேய் பிடித்தது என்று கொண்டுவரப்பட்ட எத்தனையோ பேருக்கு மனோவசியத்தாலும் ஆறுதலான பேச்சாலும் சிகிச்சை செய்தார். 1978இல் இறந்த அவர், தன் கண்கள் கண் வங்கிக்கும், உடல் மருத்துவ பீடத்துக்கும், எலும்புக்கூடு தான் படிப்பித்த தேர்ஸ்டன் கல்லூரியின் விஞ்ஞானகூடத்துக்கும் என்று எழுதி வைத்திருந்தார். மறுமையில் எந்தக் கூலியையும் எதிர்பார்க்காத ஒருவர் தன் எலும்புவரை கொடுத்துவிட்டுப் போனார். ‘படைச்சவனுக்குப் பயமில்லாதவன்’ என்று நாம் திட்டுவோமே, அந்தச் சொல்லை இப்படியான ஒருவர் மேல் எப்படிப் போடுவது?

அப்படியானால் மதமில்லாமலும் நல்லவராக வாழலாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கதையை இதோடு முடித்துவிட்டால் பாதியைத்தான் சொன்னவனாவேன்.

கோவூரின் கண்களை வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டுமே? 1961இல் இலங்கை கண்தான சங்கத்தை ஆரம்பித்தவர் டொக்டர் ஹட்சன் சில்வா. அவர் பௌத்தர். சிபிச் சக்கரவர்த்தி புறாவுக்காகத் தசையை அரிந்து கொடுத்ததாக நமக்குக் கதை தெரியும். பௌத்தர்களின் ஜாதகக் கதையில் அதே சிபி, கண்ணில்லாத ஒருவருக்குத் தன் இரு கண்களையும் கொடுக்கிறார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த சனத்திடம் போய், செத்த பிறகு கண்ணைத் தாருங்கள் என்று கேட்பது லேசாக இருந்தது. ஆயிரக்கணக்கானோர் எழுதிக் கொடுத்தார்கள். இலங்கைக் கண்கள் பாகிஸ்தான் உட்படப் பல நாடுகளுக்குப் போயின. நம்பிக்கை இல்லாதவர் கண் கொடுத்தார், நம்பிக்கை உள்ளவர்களும் கண் கொடுத்தார்கள். பார்வை கிடைத்தவருக்கு இதில் என்ன வித்தியாசம்? ஆனால் ஒரு நல்ல காரியத்தை ஊரே செய்யும் வழக்கமாக மாற்ற, மதக் கதையொன்று கைகொடுத்தது.

இதை நம் ஊரிலேயே கண்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரத்துச் சனம் கட்டின துணியோடு மேற்கே ஓடியது. பாடசாலையும் கோயிலும் பள்ளிவாசலும் நிறைந்துபோயின. சோறு ஆக்கியவர்கள், சாப்பிட வந்தவர் எந்தச் சமயம் என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அந்த நேரத்தில் இரக்கம் எல்லார் மனதிலும் இருந்தது, சாமி கும்பிடாதவன் மனதிலும்தான். ஆனால் நூற்றுக்கணக்கானவருக்கு ஒரே தரத்தில் சோறு வேகவைக்கிற கிடாரம் யாருடைய வீட்டில் இருக்கும்? அது கோயிலில் இருந்தது, அன்னதானத்துக்காக வாங்கியது. பள்ளிவாசலில் இருந்தது, கந்தூரிக்காக வாங்கியது. கிடாரத்தோடு, அதை இறக்கிப் பழகிய கைகளும், யார் விறகு, யார் அரிசி என்று சொல்லாமலே பிரிந்து வேலை செய்கிற பழக்கமும் அங்கே இருந்தன.

என் கருத்து இதுதான். இரக்கத்தை மதம் உண்டாக்கவில்லை, ஆனால் இரக்கத்துக்கு ஒரு கிடாரத்தை வைத்திருக்கிறது.

கிடாரத்தில் எதைப் போட்டாலும் வேகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1990இல் இந்தக் கிழக்கு மண்ணில் கோயிலில் தஞ்சம் புகுந்தவர்களும் சாகடிக்கப்பட்டார்கள், பள்ளிவாசலில் தொழுதுகொண்டு நின்றவர்களும் சாகடிக்கப்பட்டார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வைத்தவர்கள் இறைவனின் பெயரைச் சொல்லித்தான் வைத்தார்கள். ஐந்தாம் நாள், ஏப்ரல் 26ஆம் திகதி, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் பதுங்கியிருந்தார்கள். சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் யார்? அதே ஊர் முஸ்லிம்கள். ஒரே வேதத்தின் பெயரால் இவர்களும் பேசினார்கள், அவர்களும் பேசினார்கள். ஊரார் தங்கள் வேதத்தைப் படித்தபோது, சாகப்போகிற பிள்ளையின் முகத்தையும் பார்க்கத் தெரிந்த கண்ணோடு படித்திருந்தார்கள். மற்றவர்கள் அந்தக் கண்ணை மூடிக்கொண்டு படித்தார்கள்.

அந்தக் கண் எப்படித் திறக்கிறது? இதற்குப் பதிலாக ஒரு களவைச் சொல்கிறேன். களவு செய்தது நான்தான்.

எழுபதுகளில் ஒரு சிறுபோகம். எனக்குப் பதினாறு வயது. எங்கள் வயல் கல்லோயா இடதுகரை வாய்க்காலின் வால்பகுதியில். சேனாநாயக்க சமுத்திரம் எங்கேயோ தூரத்தில் நிறைந்து கிடந்தாலும் எங்களுக்கு வந்து சேர்வது கசிவுதான். அன்றிரவு தண்ணீர் முறை எங்களுக்கு இல்லை, பக்கத்து வயல்காரருக்கு. அவரை அப்பாவும் காக்கா என்றுதான் கூப்பிடுவார், நானும் காக்கா என்றுதான். பயிர் குடலைப் பருவம். லாம்பைத் தணித்து வைத்துவிட்டு, அவருடைய வக்கடையை மண்ணால் அடைத்தேன். எங்களுடையதை வெட்டிவிட்டேன். தண்ணீர் எங்கள் வயலுக்குள் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வரம்பில் படுத்துவிட்டேன்.

விடிய அப்பா வந்து பார்த்தார். விளங்கிவிட்டது. அடிக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காக்காவின் வயலில் குந்த வைத்தார். நிலம் வெடித்திருந்தது. என் விரலைப் பிடித்து அந்த வெடிப்புக்குள் விட்டார். முழு விரலும் உள்ளே போனது. “அவரும் கடன்பட்டுத்தான் விதைச்சிருக்கார்” என்றார். அவ்வளவுதான். அப்பா கோயில் குளம் என்று போகிறவரில்லை. நரகம், பாவம் என்று ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

பிறகு காக்காவிடம் கூட்டிக்கொண்டு போனார். நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். காக்கா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டே, “அல்லாஹ் பார்த்துட்டான் தம்பி, நான் பார்க்கல்ல. போ, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடு” என்றார்.

ஒருவர் இறைவனைச் சொன்னார். மற்றவர் நிலத்து வெடிப்பைக் காட்டினார். இருவரும் எனக்குப் படிப்பித்தது ஒரே பாடம்: வரம்புக்கு அந்தப் பக்கமும் ஒரு மனிசன் இருக்கிறான்.

சில வருடங்கள் கழித்து இந்தப் பாடம் இடதுகரை முழுவதும் நடந்தது. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 1981இல் இளம் பட்டதாரிகளை விவசாயிகளின் ஊர்களிலேயே தங்க வைத்தன. குளத்தில் அந்தமுறை தண்ணீர் மிகக் குறைவு. தண்ணீருக்காக வெட்டுக்குத்துப்பட்ட விவசாயிகள் ஒத்துழைப்பார்கள் என்று அதிகாரிகளுக்கே நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் சில வாரங்களுக்குள் விவசாயிகள் சிரமதானமாக வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள், மேலே இருந்தவர்கள் மிச்சம் பிடித்துக் கீழே அனுப்பினார்கள். மேலே பெரும்பாலும் சிங்கள பௌத்தர்கள், கீழே வால்பகுதியில் தமிழ் பேசுகிறவர்கள். கோர்னெல் பேராசிரியர் நோர்மன் உப்ஹொஃப் இதை 1992இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். அங்கே யாரும் பிரசங்கம் செய்யவில்லை. ஒரே வாய்க்காலின் மேலும் கீழும் இருந்தவர்களை ஒன்றாக இருத்திக் கதைக்க வைத்தார்கள். அந்த விவசாயிகளின் குழுக்களும் ஒரு கிடாரம்தான், மதம் சேராத கிடாரம்.

ஆகவே மதம் வேண்டாம் என்கிறவர்களுக்கு நான் சொல்வது: சரி, உங்கள் கிடாரம் எது? அடுத்த வெள்ளத்துக்கு எங்கே அடுப்பு மூட்டுவீர்கள்? மதம்தான் எல்லாம் என்கிறவர்களுக்கு: உங்கள் கிடாரத்திலிருந்து வரம்புக்கு அந்தப் பக்கத்து மனிசனுக்கும் சோறு போகிறதா?

கடைசியாக ஒன்று. அப்பா இறந்தபோது காக்கா செத்த வீட்டுக்கு வந்தார். நல்ல வயதாகியிருந்தது. பந்தலுக்குள் கதிரையில் தடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் யாரோ வழக்கம்போல ஆரம்பித்தார்கள்: “கோயில் குளம் எண்டு போறதில்ல, ஆனா...”

காக்கா அவரை முடிக்க விடவில்லை. “நல்ல மனிசன்” என்றார். முன்னாலும் பின்னாலும் வேறொன்றும் சேர்க்கவில்லை.