வாகனம் வாங்குமுன் அதன் வரலாற்றை அறிவோம்

 

நம்மிற் பெரும்பாலோர் வாங்கும் வாகனம் புத்தம் புதியதன்று. ஒருவர், இருவர், சில வேளை நால்வர் கைமாறிய வாகனமே நமது வாசலுக்கு வருகின்றது. 2020 மார்ச் மாதம் நமது நாட்டில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டுகளில், உள்நாட்டில் இருந்த வாகனங்களே மீண்டும் மீண்டும் கைமாறின. அவற்றின் விலையும் பெரிதும் உயர்ந்தது. வாப்பா வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணமும் உம்மாவின் நகையும் சேர்ந்தே பல இளைஞர்களின் முதல் வாகனமாகின்றன. அத்தகைய பணத்தை ஒரு மாலைப் பொழுதில், வர்ணத்தின் பளபளப்பைக் கண்டு கையளிப்பது தகுமா?

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மேற்புறம் உலர்ந்திருந்தது. அன்னார் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததாக வியாபாரி கூறினார். மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என வினவி, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்துப்பட அன்னார் எச்சரித்தார்கள்.

இந்நிகழ்ச்சியை விற்பவருக்குரிய அறிவுரையாகவே நாம் பெரும்பாலும் கேட்டிருக்கின்றோம். வாங்குபவருக்கும் இதில் ஒரு பாடமுண்டு. மேற்புறத்தைப் பார்த்து மட்டும் திருப்தியடையாமல், கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். அது பிறர்மீது கொள்ளும் கெட்ட எண்ணமன்று, விவேகமாகும்.

வாகனத்தின் உள்ளே கையை விடுவது எவ்வாறு?

முதலாவது, பத்திரங்கள். பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கேட்டுப் பாருங்கள். அதிலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனத்திற் பொறிக்கப்பட்டுள்ள இலக்கங்களும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். இலக்கம் தேய்க்கப்பட்டோ வெட்டி ஒட்டப்பட்டோ இருப்பின் அவ்விடத்திலேயே திரும்பி விடுங்கள். லீசிங் நிறுவனமொன்றின் பெயர் முழு உரிமையாளராகப் பதியப்பட்டிருந்தால், கடன் தீர்ந்து அப்பெயர் நீக்கப்படும் வரை விற்பவருக்கு அவ்வாகனம் முழுமையாகச் சொந்தமன்று. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திற் கட்டணம் செலுத்தி வாகன விபரங்களைப் பெற்றுச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

ஓப்பன் பேப்பர் எனும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. உரிமை மாற்றப் பத்திரத்தில் விற்பவர் கையொப்பமிட, வாங்குபவரின் பெயர் வெற்றிடமாகவே விடப்படுகின்றது. அவ்வாகனம் விபத்திற் சிக்கினால், பொலிஸார் விற்றவரின் வீட்டுக் கதவையே தட்டுவர். விற்றவர் இறந்தாலோ, நீதிமன்ற வழக்கில் அகப்பட்டாலோ, வாங்கியவர் தம் உரிமையை நிலைநாட்ட அலைய நேரிடும். சில ஆயிரம் ரூபாவை மிச்சப்படுத்தப் போய் இரு குடும்பங்கள் இன்னலுறலாமா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும், விற்பனைக்குச் சாட்சிகளை வைக்கவும் ஸூறதுல் பகறாவின் 282ஆம் வசனம் நமக்கு வழிகாட்டுகின்றது. முற்பணம் கொடுக்கும்போதே அதனை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஓடிய தூரம். கிலோமீற்றர் மானியும் ஓர் அளவைக் கருவியே. அதனைப் பின்னோக்கித் திருப்புவது, தராசின் தட்டை விரலால் அழுத்துவதற்கு ஒப்பானது. இலத்திரனியல் மானியையும் மாற்ற முடியும் என்பதை மறவாதீர்கள். எனவே சேவைப் பதிவேட்டைக் கேளுங்கள். மானி 40,000 என்று காட்ட, பிரேக் மிதியின் றப்பர் தேய்ந்து, ஸ்டியரிங்கின் தோல் வழுவழுப்பாகி இருப்பின் ஐயங்கொள்ளுங்கள். ஜப்பானிலிருந்து வந்த வாகனமாயின் ஏல அறிக்கையைக் கேளுங்கள். அதிலே அன்றைய கிலோமீற்றர் அளவும் தரமும் குறிக்கப்பட்டிருக்கும். தரத்திற்குப் பதிலாக ‘ஆர்’ எனும் எழுத்து இருப்பின், அது விபத்துக்குள்ளாகித் திருத்தப்பட்ட வாகனமென்பதைக் குறிக்கும்.

மூன்றாவது, விபத்தும் வெள்ளமும். பொனட்டின் ஆணிகளில் ஸ்பானர் பட்ட தழும்பு, கதவுகளின் இடைவெளியில் ஏற்றத்தாழ்வு, வர்ணத்தில் வேறுபாடு ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்திற் கவனியுங்கள். 2016 மே, 2017 மே மாத வெள்ளங்களில் எத்தனையோ வாகனங்கள் நீரில் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் அவ்வாறே செய்தது. இருக்கைப் பட்டியை இறுதிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே தங்கியிருக்கும். கம்பளத்தின் அடியிலும் மேலதிகச் சில்லு வைக்கும் குழியிலும் துருவையும் ஈர வாடையையும் தேடுங்கள். ஹைப்ரிட் வாகனமெனில் பற்றரியின் நிலையைக் கணினி மூலம் பரிசோதிப்பது அவசியம். விற்பவரின் மெக்கானிக்கை நம்பாது, உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

அன்பின் இளைஞர்களே! இன்று வாங்கும் நீங்களே நாளை விற்பவர்கள். ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரழி) அவர்களுக்காக 300 திர்ஹத்திற்கு ஒரு குதிரை வாங்கப்பட்டது. அதன் பெறுமதி அதிகமென உணர்ந்த அன்னார், உரிமையாளரிடம் சென்று விலையைத் தாமாகவே உயர்த்தி 800 திர்ஹம் வழங்கியதாகத் தபரானியில் வந்துள்ளது. ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் செய்த உறுதிமொழியே அதற்குக் காரணம். நாமோ, திருத்திய வாகனத்தைத் திருத்தியதென்று சொல்லவும் தயங்குகின்றோம். குறையை மறைத்து விற்றால், அதனைத் திருப்பித் தரும் உரிமையை மார்க்கச் சட்டம் வாங்கியவருக்கு அளிக்கின்றது. உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தும் வியாபாரத்திலேயே பரக்கத் உண்டென்பது நபிமொழியின் கருத்தாகும்.

பெற்றோர்களே! “இன்று எடுக்காவிட்டால் நாளை போய்விடும்” என்று தரகர் அவசரப்படுத்துவார்; பிள்ளையும் அவசரப்படுவான். அவ்வேளையில் நிதானத்தைக் கற்பிப்பது உங்கள் கடமை. போன வாகனத்திற்குப் பதிலாக இன்னொன்று வரும். அந்த வாகனத்திற் செல்லப் போவது உங்கள் பிள்ளைகளின் உயிர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஹலாலான உழைப்பை ஹலாலான முறையிற் செலவிட்டு, ஏமாறாமலும் ஏமாற்றாமலும் வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.