ஆசிரியருக்கு இடம் கொடுத்த வீடு

(புதூர் பள்ளிவாசலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறோம்.

 

ஊதியம் கருதாது அந்நிய நாடு சென்று கல்வி போதிக்க விரும்பும் இளைஞர்கள் நம்மிடம் வந்து, "முன்பின் அறியாத ஒரு வீட்டில் எவ்வாறு தங்குவது?" என்று கேட்கின்றனர். இக்கேள்விக்கு நம் வரலாற்றிலேயே அழகிய விடை இருக்கிறது.

கி.பி. 621ஆம் ஆண்டு, யத்ரிபிலிருந்து வந்த பன்னிருவர் அகபா என்னுமிடத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் உறுதிமொழி அளித்தனர். அம்மக்களுக்குக் கற்பிக்க நாயகம் (ஸல்) அவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்கள். மக்காவின் செல்வக் குடும்பத்தில் பட்டாடையும் நறுமணமுமாக வளர்ந்து, தீனுக்காக அனைத்தையும் துறந்தவர். யத்ரிபில் அவருக்குச் சொந்த வீடில்லை. அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்களின் இல்லத்திலேயே தங்கினார்.

சகோதரர்களே! அங்கு அவ்ஸ், கஸ்ரஜ் என்னும் இரு கோத்திரத்தாரிடையே நெடுநாள் பகை இருந்தது. ஒருவர் பின்னால் மற்றவர் நின்று தொழவும் மனம் ஒப்பவில்லை. ஆகவே வெளியூர்க்காரரான முஸ்அப் (ரலி) அவர்களே தொழ வைத்தார்கள். அந்நியர் என்பது குறையன்று. சில வேளைகளில் அதுவே அருட்கொடையாகிவிடுகிறது.

ஆயினும் ஊரின் போக்கு அந்நியருக்குத் தெரியாதே! அங்குதான் வீட்டுக்காரரின் பணி தொடங்குகிறது. கஸ்ரஜைச் சார்ந்த அஸ்அத் (ரலி) அவர்கள் தம் விருந்தினரை அவ்ஸ் மக்கள் வாழும் பகுதிக்குத் தாமே அழைத்துச் சென்றார்கள். ஒரு தோட்டத்தில் அமர்ந்திருந்தபோது உஸைத் இப்னு ஹுளைர் ஈட்டியுடன் சினந்து வந்தார். வருபவர் தம் கூட்டத்தாரின் தலைவர் என்பதை முஸ்அப் (ரலி) அவர்களிடம் முன்கூட்டியே எடுத்துரைத்தவர் அஸ்அத் (ரலி) அவர்களே. "அமர்ந்து கேளுங்கள், பிடித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நிறுத்திக் கொள்கிறோம்" என்ற பொருளில் முஸ்அப் (ரலி) அவர்கள் மென்மையாக மொழிந்தார்கள். ஈட்டியை நட்டுவிட்டு அமர்ந்த உஸைத் அன்றே இஸ்லாத்தைத் தழுவினார். அடுத்து வந்த ஸஅத் இப்னு முஆத், அஸ்அத் (ரலி) அவர்களின் சின்னம்மா, பெரியம்மா வழி உறவினர். உறவு மட்டும் இல்லையெனில் இதைப் பொறுத்திருக்க மாட்டேன் என்று கடிந்துகொண்டார். பிறகு அவரும் அமர்ந்து கேட்டார், ஏற்றார். மறு ஆண்டு எழுபத்துமூன்று ஆண்களும் இரு பெண்களும் அகபாவுக்கு வந்தனர்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? ஆசிரியருக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். அவர், இடம் கொடுத்த வீட்டாரே! உலகம் இதைப் பின்னாளிலும் உணர்ந்திருக்கிறது. அமெரிக்கா 1961இல் தொடங்கிய அமைதிப் படை, 1976 வரை நம் இந்தியாவிலும் பணியாற்றியது. தன் தொண்டர்களைப் பணியில் அமர்த்துமுன் ஏறத்தாழ மூன்று மாதங்கள் உள்ளூர்க் குடும்பத்தார் வீட்டில் தங்கவைத்துப் பயிற்றுவிப்பது பல நாடுகளில் அதன் வழக்கம்.

உணவிலும் ஒளிவுமறைவு கூடாது. மதீனாவில் அபூ அய்யூப் (ரலி) அவர்களின் வீட்டில் நாயகம் (ஸல்) அவர்கள் தங்கியிருந்த காலத்தில், பூண்டு சேர்ந்த உணவு ஒருநாள் தொடப்படாமல் திரும்பி வந்தது. வீட்டார் பதறினர். அது ஹராம் அன்று, அதன் வாடை தமக்குப் பிடிக்கவில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். விருந்தினர் உண்மையை இதமாகச் சொன்னார், வீட்டார் வருந்தவில்லை.

ஆகவே வெளிநாடு செல்லும் பிள்ளைகளே! முதல் மாதம் கற்பிப்பதைவிடக் கற்றுக்கொள்ளுங்கள். ஸலாம் கூறி அனுமதி பெற்றே உள்ளே நுழையுங்கள். கோடையில் ஒரு குடம் தண்ணீரின் அருமை அறிந்த கரிசல் பூமியின் பிள்ளைகள் நீங்கள்; அங்கும் அவ்வீட்டின் தண்ணீரையும் விறகையும் அளந்து செலவிடுங்கள். "எங்கள் ஊரில் இப்படியில்லை" என்ற சொல்லை நாவில் வைக்காதீர்கள். விருந்தோம்பலின் எல்லை மூன்று நாட்கள் என்பது நபிமொழியின் கருத்து. அதன்பின் வீட்டாரின் சுமையில் பங்கெடுங்கள்.

இறுதியாக நமக்கும் ஒரு வார்த்தை. நம் மஹல்லாவுக்கும் மக்தபுக்கும் தொலைவிலிருந்து உஸ்தாதுமார்கள் வருகின்றனர்; வீட்டுமுறைச் சாப்பாடு பரிமாறுகிறோம். முறை வரும் வீட்டில் கடன் வாங்கிக் கறி சமைக்க வேண்டியதில்லை; வீட்டில் உண்பதையே மனமாரக் கொடுங்கள். அவருக்கு ஒத்துக்கொள்ளாதது எது என்று கேளுங்கள். பூட்டிக்கொள்ள ஓர் அறை கொடுங்கள். ஊரின் உறவும் பகையும் இன்னவை என்று நல்லெண்ணத்தோடு அறிவியுங்கள். உங்கள் சச்சரவில் அவரைச் சாட்சியாக இழுக்காதீர்கள். சோறு போட்டதைச் சம்பளக் கணக்கில் கழிக்காதீர்கள். சோறு விருந்தோம்பல்; சம்பளம் அவருடைய உரிமை. அதை மாதந்தோறும் உரிய நாளில் வழங்குவது நம் கடமை.

முஸ்அப் (ரலி) அவர்கள் 625இல் உஹதுப் போரில் ஷஹீதானபோது, தலையை மூடினால் கால் தெரியும் அளவுக்கே அவர்களது கஃபன் துணி இருந்தது. ஆனால் அவர்கள் கற்பித்த ஊர் மதீனா முனவ்வராவாக நிலைத்திருக்கிறது. அதில் அஸ்அத் (ரலி) அவர்களின் வீட்டுக்கும் பங்குண்டு.

கற்பிக்கச் செல்வோருக்குப் பணிவையும், இடம் கொடுப்போருக்கு விசாலமான உள்ளத்தையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.