ஸ்வரம் எழுத எந்த மென்பொருள்?



காந்தி மார்க்கெட்டை இடம் மாற்றும் கதையைத் திருச்சிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதுரை சாலையில் கள்ளிக்குடியில் புதிதாக வளாகம் கட்டினார்கள். கடை இருக்கிறது, லாரி நிறுத்த இடம் இருக்கிறது. ஆனாலும் மார்க்கெட் அங்கே போகவில்லை. வியாபாரிகளைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். கணக்கு வைத்து வாங்கிப்போகும் சில்லறைக் கடைக்காரர், மூட்டை தூக்குகிறவர், ராத்திரி வந்து இறக்கும் லாரி, பக்கத்து டீக்கடை என்று ஒவ்வொரு மண்டியையும் சுற்றி எத்தனையோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விடலாம், இவற்றை ஏற்ற லாரி கிடையாது.

2024 ஆகஸ்ட் 26-ஆம் தேதி, உலகம் முழுக்க இசை எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு இடமாற்ற உத்தரவு வந்தது. ஃபினாலே என்ற மென்பொருளை இனி வளர்க்கப்போவதில்லை என்று அதை விற்றுவந்த மேக்மியூசிக் நிறுவனம் அன்று அறிவித்தது. 1988-இல் வெளிவந்தது ஃபினாலே. நாடக மேடைக்கும் சினிமாவுக்கும் கல்லூரி வாத்தியக் குழுவுக்கும் முப்பத்தைந்து ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த இசை அதன் கோப்புகளில் இருந்தது. 149 டாலர் கொடுத்து டோரிகோ என்ற வேறொரு மென்பொருளுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஓர் ஆண்டுக்குப் பிறகு புதுக் கணினியில் ஃபினாலேயைப் பதிவுசெய்ய முடியாது என்றும் சொல்லி, கூச்சல் எழுந்த பிறகு அதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

எனவே ஸ்வரம் எழுதும் மென்பொருள்களை ஒப்பிடும்போது, எது அழகு, எதில் வசதி அதிகம் என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். முதல் கேள்வி, நான் உள்ளே போட்ட பாட்டை நாளைக்கு வெளியே எடுக்க முடியுமா என்பது. நான் பாடற்குழுக்களுக்கும் பள்ளி விழாக்களுக்கும் இசை அமைத்துக் கொடுக்கிறவன். சொல்வதெல்லாம் அந்த அனுபவத்திலிருந்து வருவது.

இந்த மென்பொருள் என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் ஐந்து கோடு வரும். அதில் ஸ்வரக் குறிகளை வைத்துக்கொண்டே போகலாம். எழுதியதை வாசித்துக் காட்டும், அச்சடித்துத் தரும். பத்து வாத்தியத்துக்கு எழுதினால் பத்துப் பேருக்கும் தனித்தனித் தாள் பிரித்துக் கொடுக்கும். இளையராஜா இதையெல்லாம் கையாலேயே எழுதுகிறவர். 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியதை நீங்கள் செய்தியில் கேட்டிருப்பீர்கள். அந்தக் கையும் காதும் வாய்க்காத நமக்குத்தான் மென்பொருள்.

சந்தையில் இப்போது பெரிய பெயர்கள் மூன்று. சிபேலியஸ், டோரிகோ, மியூஸ்ஸ்கோர். முதல் இரண்டையும் தாயாதிகள் என்றே சொல்லலாம். பென் ஃபின், ஜோனதன் ஃபின் என்ற ஆங்கிலேய இரட்டையர் சிபேலியஸை 1993-இல் வெளியிட்டார்கள். 2006-இல் அது அவிட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போனது. 2012-இல் அவிட் லண்டன் அலுவலகத்தை மூடியது. அங்கே வேலை இழந்த சிபேலியஸ் குழுவில் பெரும்பாலோரை, யமஹாவுக்குச் சொந்தமான ஸ்டைன்பெர்க் நிறுவனம் எடுத்துக்கொண்டது. அவர்கள் முதலிலிருந்து தொடங்கி 2016-இல் கொண்டுவந்ததுதான் டோரிகோ. பதினாறாம் நூற்றாண்டில் ரோம் நகரில் இசை அச்சிட்டவர் ஒருவரின் பெயர் அது.

சிபேலியஸில் கை பழகியவர்கள் அதை விட்டு வருவது அபூர்வம். விசைப்பலகையில் அவர்கள் விரல் போகும் வேகத்தைப் பார்த்தால் காரணம் புரியும். இப்போது அதைப் பெரும்பாலும் சந்தா முறையில்தான் விற்கிறார்கள். மாதம் நாலு கல்யாணம், ரெண்டு கோயில் திருவிழா என்று வருமானம் பார்க்கும் இசைக் கலைஞருக்குச் சந்தா என்பது வாடகை மாதிரி நெஞ்சை அரிக்கும். டோரிகோவின் பலம் தாளத்தில். நடுவில் ஓர் அட்சரம் சேர்த்தால் பின்னால் உள்ளதெல்லாம் தானே நகர்ந்து உட்காரும். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாகத்தான் பிரிக்க வேண்டும் என்ற கட்டாயமும் அதன் பெரிய பதிப்பில் இல்லை. இருபத்திரண்டு சுருதி என்று ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அது ஒரு விளையாட்டு மைதானம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பாட்டு எழுதுகிறவருக்கு அது தேவைப்படாது.

மியூஸ்ஸ்கோர் இலவசம். வெர்னர் ஷ்வீர் என்ற ஜெர்மானியர் 2002 வாக்கில் தொடங்கியது, மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது. நெடுங்காலம் இலவசம் என்பதால் பொறுத்துக்கொள்ளும் சரக்காகத்தான் இருந்தது. மார்ட்டின் கியரி என்ற இசையமைப்பாளர் 2019-இல் யூடியூபில் அதைப் பிய்த்து உதறினார். உதறியவரையே கூப்பிட்டு வடிவமைப்புப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பு அதன் பலன். ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். அதே பெயரில் ஓர் இணையதளம் இருக்கிறது, மற்றவர்கள் எழுதிய ஸ்வரத் தாள்களை இறக்கிக்கொள்ளப் பெரும்பாலும் அது சந்தா கேட்கும். கணினியில் போட்டுக்கொள்ளும் மென்பொருளுக்கு ஒரு பைசா கிடையாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பணம் கட்டியவர்கள் உண்டு.

இனி நம் ஊர் வேலைக்கு வருவோம். தாளை யார் கையில் கொடுக்கப்போகிறோம் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே பாலக்கரை. சகாய மாதா கோயில் இருக்கிற பகுதி. திருச்சியின் தேவாலயங்களில் நான்கு குரல் பாடும் வழக்கம் பழையது, ஐந்து கோடு படிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மியூஸ்ஸ்கோர் தாராளமாகப் போதும். சிக்கல் வருவது தமிழ்ச் சொற்களில். பாட்டின் வரிகளை அசை அசையாகப் பிரித்து ஸ்வரத்துக்குக் கீழே வைக்க வேண்டும். ‘கண்ணன்’ என்றால் ‘கண்’ ஓரிடம், ‘ணன்’ ஓரிடம். வரிகளை டிடிபி கடையில் அடித்து வாங்கிவந்து ஒட்டினால், பல சமயம் அது பாமினி எழுத்துருவில் இருக்கும். மென்பொருளுக்குள் போனதும் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகச் சிதறும். யூனிகோடில் அடிக்கச் சொல்லி வாங்குங்கள், இல்லையென்றால் நாமே அடிப்பது மேல்.

பேண்டு செட் கதை வேறு. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பெரும்பாலும் பி-ஃபிளாட் வாத்தியங்கள், ஆல்டோ சாக்ஸபோன் ஈ-ஃபிளாட். தாளில் ‘ஸி’ என்று எழுதியிருப்பதை அவர்கள் வாசித்தால் வருவது வேறு சுருதி. கையால் எழுதினால் ஒவ்வொருவருக்கும் கணக்குப்போட்டு மாற்றி எழுத வேண்டும். மூன்று மென்பொருளும் இதைத் தாமே செய்கின்றன. பாடகர் வந்து, ஐந்து கட்டை இன்று முடியாது, நாலரைக்கு இறக்குங்கள் என்றாலும் ஒரே கட்டளை. கர்நாடக ஸ்வர எழுத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை என்பது ஒரு வேடிக்கை. எந்தக் கட்டையில் பாடினாலும் ஸ ஸ-தான்.

லயத்தில் இந்த மேல்நாட்டு மென்பொருள்கள் நான் நினைத்ததைவிட நன்றாகவே நம்மோடு ஒத்துவருகின்றன. கண்ட சாபு ஐந்து, மிச்ர சாபு ஏழு, அதில் சங்கடமே இல்லை. ஆதி தாளத்தில் கண்ட நடை வேண்டுமானால், ஓர் அட்சரத்தை ஐந்தாகப் பிரிக்கச் சொன்னால் பிரித்துவிடும். தள்ளி எடுக்கிற எடுப்பு இருந்தால் முன்னால் ஓய்வுக்குறி போட்டுக்கொள்ளலாம்.

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தில்தான் எல்லாமே கைவிரித்துவிடும். தோடி ராகத்தின் காந்தாரத்தை ஐந்து கோட்டில் ஒரு புள்ளியாக வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்காமலிருப்பது நல்லது.

இந்தத் தகராறு கணினியோடு வந்ததல்ல. சென்னையில் சின்னசாமி முதலியார் 1893-இல் தியாகராஜரின் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்து கோட்டிலேயே எழுதி அச்சிட்டார். அழிந்துபோகாமல் உலகம் முழுக்கப் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சங்கீத வித்வான் சுப்பராம தீட்சிதரை எழுத வைக்க முயன்றவர்களில் அவரும் ஒருவர். தீட்சிதர் எட்டயபுரத்தில் 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டபோது வேறு வழி எடுத்தார். ஸ்வர எழுத்தையே வைத்துக்கொண்டு, கமகத்துக்குத் தனித்தனிக் குறி கொடுத்தார். கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஜாருக்குச் சாய்கோடு, ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளி. தெலுங்கு எழுத்தில் வந்த அந்த நூலைப் பின்னாளில் சென்னை மியூசிக் அகாடமி தமிழில் கொண்டுவந்தது. நூற்றிருபது ஆண்டு கழித்து நாம் அதைத் திறந்து வாசிக்க எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

அதே குறிகளை மியூஸ்ஸ்கோரிலோ டோரிகோவிலோ கோடாகவும் அடையாளமாகவும் வரைந்து வைக்க முடியும். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். வாசிக்கச் சொன்னால் மென்பொருளுக்கு அது வெறும் படம். வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது முதலில் உதிர்வதும் அதுதான். மாற்றுவதற்குப் பொதுவாக மியூசிக்-எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தைப் பயன்படுத்துகிறோம். மைக்கேல் குட் என்பவர் உருவாக்கி, 2004-இல் முதல் பதிப்பு வந்தது. ஸ்வரம், தாளம், சாகித்யம் மூன்றும் அதில் பத்திரமாக வந்துசேரும். பக்க அமைப்பு கலையும். நாமாகக் கண்டுபிடித்த குறிகளுக்கு உத்தரவாதம் இல்லை. ஃபினாலேக்காரர்கள் தங்கள் சரக்கை ஏற்றிக்கொண்டு போனது இந்த வண்டியில்தான். ஃபினாலே தங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாக் கோப்புகளையும் மாற்றி எடுத்துவைத்தவர்கள் தப்பித்தார்கள்.

கர்நாடக இசைக்கென்றே ஒருவர் உட்கார்ந்து செய்த வேலையும் இருக்கிறது. எம். சுப்பிரமணியன் எழுதிய ‘காயகா’. ஸரிகம எழுத்தையே தட்டிக்கொடுத்தால் கமகத்தோடு வாசித்துக்காட்ட முயலும். பெரிய நிறுவனத்தின் பளபளப்பு அதில் கிடையாது. ஆனால் ராகத்துக்கு ராகம் ஸ்வரம் எப்படி அசையும் என்று யோசித்துச் செய்தது. வீணையோ வாய்ப்பாட்டோ கற்கும் பிள்ளைகளுக்கு, ஐந்து கோட்டு மென்பொருள் எதையும்விட அதைத்தான் சொல்வேன்.

ஸ்ரீரங்கத்தில் இப்படிப் படிக்கும் பிள்ளைகள் நிறைய. அவர்கள் கையில் இருக்கும் தாள் தமிழ் ஸ்வரத் தாள். காற்புள்ளி போட்டால் ஓர் அளவு கார்வை, அரைப்புள்ளி போட்டால் இரண்டு. ஸ்வரங்களுக்கு மேலே ஒரு கோடு இழுத்தால் வேகம் இரட்டிப்பு. மேல் ஸ்தாயிக்குத் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் புள்ளி. இதைக் கணினியில் அடித்துப் பாருங்கள், அப்போது தெரியும் பாடு. ‘ஸ’வுக்குத் தலையில் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து வடிவமாகவே வந்து ஒப்பேறிவிடும். ‘ரி’யின் தலையில் ஏற்கெனவே கொக்கி இருக்கிறது, புள்ளி எங்கே போய் உட்காரும் என்று எழுத்துருவுக்கே தெரியாது. பல ஆசிரியர்கள் அச்சடித்த தாளில் பேனாவால் புள்ளி வைத்துக் கொடுக்கிறார்கள். கோடிக்கணக்கில் செலவிட்டு வளர்ந்த மென்பொருள்களில் நமக்கு இந்த ஒரு புள்ளி கிடைக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் கோபம்தான். இதைச் செய்ய வேண்டியவர்கள் லண்டனிலோ ஹாம்பர்க்கிலோ இருக்கிறார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. மியூஸ்ஸ்கோரின் நிரல் திறந்துதான் கிடக்கிறது. நம் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் இறுதியாண்டு வேலையாக எடுத்துச் செய்யலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், லில்லிபாண்ட். 1996-இல் நெதர்லாந்தில் இருவர் தொடங்கியது, இதுவும் இலவசம். இதில் கோடும் புள்ளியும் திரையில் வைக்க முடியாது, பாட்டை எழுத்தாகத் தட்ட வேண்டும், அது அச்சுக்கோத்துத் தரும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்துச் செதுக்கு அச்சின் அழகு அதன் தாளில் தெரியும். கோப்பு வெறும் எழுத்து என்பதால், எந்தக் கணினியிலும் எந்த ஆண்டிலும் திறந்து படிக்கலாம். ஸ்வரப் பெயர்களை நாமே வகுத்துக்கொள்ளவும் இடம் தருகிறது. பொறுமை இருப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்கே.

தாளே வேண்டாம் என்கிற இசையும் இதே ஊரில்தான் வாழ்கிறது. ஸ்ரீரங்கத்தில் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் அரையர்கள் கையில் தாளத்தோடு திவ்யப் பிரபந்தம் பாடி அபிநயிப்பதும், பெருமாளுக்கு வீணை ஏகாந்தம் நடப்பதும் தலைமுறை தலைமுறையாகக் காது வழி வந்தவை. அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டுமென்று யாராவது கிளம்பினால், முதலில் ஒலிப்பதிவு செய்யுங்கள், ஸ்வரப்படுத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பேன்.

புதிதாக ஆரம்பிக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். காசு கொடுத்து எதையும் வாங்குமுன், மியூஸ்ஸ்கோரை இறக்கிக்கொள்ளுங்கள். முழுப்பாட்டு வேண்டாம், உங்கள் பாட்டில் கடினமான இரண்டு ஆவர்த்தனம் போதும், கண்ட நடை வருகிற இடமாக இருக்கட்டும். தமிழ் வரிகளோடு எழுதி, ஏ-ஃபோர் தாளில் அச்செடுத்து, பாடப்போகிறவர் கையில் கொடுங்கள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் எழுத்து சிறிது, பெரிதாக்குங்கள். எழுதி முடித்த ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று பிரதி வையுங்கள்: மென்பொருளின் சொந்தக் கோப்பு ஒன்று, மியூசிக்-எக்ஸ்எம்எல் ஒன்று, பிடிஎஃப் ஒன்று. காகிதத்தில் ஒரு பிரதியும் பீரோவில் இருக்கட்டும். பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதும் வாய்ப்பு வந்தால் அன்றைக்கு டோரிகோவைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம், அதற்கும் ஓர் இலவசச் சிறு பதிப்பு இருக்கிறது.