வெள்ளி ரூபாயின் கருமை
(வண்டூரில் நடைபெற்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கடல் கடந்து குடியேறிய குடும்பங்கள் பலவற்றின் பெட்டியடியில் பாட்டன் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டு இருக்கக்கூடும். அவை பற்றியே பேச விழைகின்றோம். தாயகத்துப் புகைவண்டி நிலையத்தில் சீட்டுக்காசு எண்ணித் தேய்ந்த விரல்கள் எம்முடையவை. வேறு தகுதி எமக்கில்லை.

எம் பாட்டியார் விட்டுச்சென்றவை பதினொரு ரூபாய்கள். யாவும் ஏழாம் எட்வர்டு தலை பொறித்தவை. ஒரு தீபாவளிக்கு முன்னாள், அவற்றுள் பத்தினைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினோம். பின்னர்த் தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்காக விற்கச் சென்றபோது, நாணயம் வாங்குபவர், "துலக்கிவிட்டீர்களே! இனி வெள்ளியின் எடைவிலைதான்" என்றார். கட்டணத்திற்குக் கடன் வாங்க நேர்ந்தது.

அவர் கண்டது யாது? விளக்கொளியில் நாணயத்தைச் சாய்த்து, உருப்பெருக்கியால் நோக்கினார். கைமாறிப் பழகிய காசில் கீறல்கள் தாறுமாறாக இருக்கும். துலக்கிய காசிலோ மயிரிழை போன்ற கீறல்கள் ஒரே திசையில், எழுத்தின் மேலும் வெற்றிடத்தின் மேலும் ஓடும். பழகிய காசின் பள்ளங்கள் கறுத்தும் மேடுகள் வெளிறியும் இருப்பது இயல்பு. எங்கும் ஒரே வெண்மையாயின் ஐயுறுக. எழுத்தின் இடுக்கில் எம் வீட்டுச் சாம்பல் அன்றும் ஒட்டியிருந்தது! தேயாத காசைச் சாய்த்தால், ஒளி வண்டிச் சக்கரத்து ஆரம்போல் சுழலும். அச்சடிக்கையில் உலோகம் வழிந்தோடிய நுண்வரிகளே அதற்குக் காரணம். அமிலத்தில் தோய்த்தால் கீறல் விழாது. ஆனால் அவ்வொளி மங்கிவிடும். கந்தகத்தால் பொய்க்கருமை ஏற்றுவோரும் உளர். கீறலின் மேலும் கருமை படர்ந்திருந்தால், முன்பே துலக்கிய காசோ என விழிப்பாயிருக்க.

எடையிட்டு இதனை அறிய இயலாது. அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. துலக்கலில் போவது அணுவளவே. எனினும் கருமை என்பது வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கன்று. வெள்ளியே கந்தகத்தோடு கூடி மாறியது. அதனை நீக்கினால் வெள்ளியும் உடன் போகும்.

இவ்வூரில் கருமை விரைந்து ஏறினால் வியப்பில்லை. கடல் வற்றும் வேளையில் அலையாத்திச் சேற்றிலிருந்து எழும் அழுகிய முட்டை நாற்றம் கந்தக வாயுவினது. ஈரக்காற்று அதற்குத் துணை. ஆகவே காசை உலர்ந்த மூடிய பெட்டியில் வையுங்கள். ரப்பர் வளையம் கூடாது, அதிலும் கந்தகம் உண்டு. மண் ஒட்டியிருந்தால் நல்ல நீரில் அலசி, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள்.

பதினொன்றில் ஒன்று அரிசிப்பானையடியில் கிடந்து தப்பியது. அதனையும் துலக்கிய ஒன்றையும் கொணர்ந்துள்ளோம். கூட்டம் முடிந்ததும் விளக்கடியில் வைக்கிறோம். விளிம்பைப் பற்றி எடுத்துப் பார்க்கலாம்.