பத்திக் துணி விற்று வாங்கிய நிலம்



வீட்டில் ஒரு பிள்ளை, "நான் ஓவியக் கல்லூரியில் சேரப் போகிறேன்" என்று சொன்னால் அடுத்த நொடியே ஒரு கேள்வி வரும்: "சரி, அப்புறம் சாப்பாட்டுக்கு?" இப்படிக் கேட்கிற அப்பா அம்மாவைக் கலை தெரியாதவர்கள் என்று ஒதுக்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது நியாயமான கேள்வி. கோடு, வண்ணம், உடற்கூறு எல்லாம் படித்து முடித்து வெளியே வருகிற இளைஞருக்குப் பெரும்பாலும் இந்த ஒன்றுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லித் தருவதில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் இதே கேள்விக்கு நேருக்கு நேர் பதில் தேடினார்கள். அவர்கள் கண்ட வழியைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன்.

எழும்பூரில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி. மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அதை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி பல ஆண்டுகள் அங்கே முதல்வராக இருந்தார். அவருக்குப் பின் 1957-இல் பொறுப்பேற்றவர் கே.சி.எஸ். பணிக்கர். நல்ல ஓவியர், அதைவிட, மாணவர்கள் மேல் கவலை கொண்ட ஆசிரியர். கெட்டிக்காரப் பிள்ளைகள் படித்து முடித்ததும் ஏதோ ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் தூரிகையை மறந்துவிடுவது அவரை உறுத்தியது. அன்றைய சென்னையில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. படம் விற்று வாழலாம் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருந்தாலும் அது பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

அந்தப் பள்ளியில் தொடக்கம் முதலே கைத்தொழிலுக்கு இடம் உண்டு. மரம், உலோகம், மண் எல்லாம் மாணவர்களின் கைக்குப் பழக்கம். அதை நம்பிப் பணிக்கரும் மாணவர்களும் ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பத்திக் துணி செய்தார்கள். மெழுகை உருக்கித் துணியில் வேண்டிய இடத்தில் தீட்டி, சாயத்தில் முக்கினால், மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. பிறகு வெந்நீரில் மெழுகை எடுத்துவிட்டால் உருவம் தெளியும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் கசிந்து நரம்பு நரம்பாகக் கோடு விழும். அதுதான் பத்திக்கின் அழகு. ஓவியரின் கை பட்ட பத்திக் என்பதால் ஜனங்கள் விரும்பி வாங்கினார்கள். அந்தப் பணம் சேர்ந்து, 1966-இல் மாமல்லபுரம் போகும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் நிலமாக மாறியது. அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். அரசாங்கம் கொடுத்த இடம் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். தங்கள் கைவேலையை விற்றுத் தாங்களே வாங்கிய நிலம் அது.

அவர்கள் எடுத்த முடிவின் நுட்பத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பத்திக், தோல் வேலை, உலோக வேலை இவையெல்லாம் அடுத்தவருக்காக. வாங்குகிறவர் நீலம் கேட்டால் நீலம், சிவப்புக் கேட்டால் சிவப்பு. ஆனால் ஓவியமும் சிற்பமும் தங்களுக்காக. அதில் யாருடைய விருப்பத்துக்கும் வளைய வேண்டிய தேவை இல்லை, ஏனென்றால் அன்றைய அரிசி அந்தப் படத்தை நம்பி இல்லை. எந்த வேலையில் பிறர் சொல் கேட்கலாம், எதில் கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே கோடு போட்டுக்கொண்டார்கள். இந்தக் கோட்டைப் போடாத ஓவியர் இரண்டு பக்கமும் அவதிப்படுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விற்பனைக்கான வேலையில் தன் கொள்கையைத் திணித்து வாடிக்கையாளரை இழப்பார். சொந்த ஓவியத்தில் வாடிக்கையாளரின் முகத்தை நினைத்து நினைத்து அதையும் கெடுத்துக்கொள்வார்.

இன்னொன்றும் நடந்தது. பிழைப்புக்காகச் செய்த கைவேலை கலைக்குள்ளேயே நுழைந்தது. பணிக்கரின் மகன் நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் தட்டி, பற்றவைத்துச் செய்த சிற்பங்களைப் பாருங்கள். எஸ்.ஜி. வாசுதேவின் செப்புத் தகட்டுப் புடைப்புகளைப் பாருங்கள். அதே சென்னைப் பள்ளியிலிருந்து வந்த ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்களில், கோயில் மூலவருக்குக் கவசம் சாத்துகிற கைத்திறன் தெரியும். சென்னை ஓவியர்களுக்கு என்று ஒரு தனி முகம் அமைந்ததில் இந்தக் கைத்தொழில் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பிழைப்புக்குச் செய்யும் வேலை கலையைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுகிற இளைஞர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லும்போது அந்த வாழ்க்கை சுகமாக இருந்தது என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது. குடிசைகளில் தொடங்கினார்கள். பணம் எப்போதும் இறுக்கம். கனவுலகம் போன்ற கோட்டோவியங்களை வரைந்த கே. ராமானுஜம் அங்கே வாழ்ந்தவர்தான். பணிக்கர் அவரைத் தாங்கிப் பிடித்தார். ஆனாலும் மனநோயோடு போராடிய அவர் 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். நண்பர்கள் சூழ இருந்தாலும் மருத்துவம் தேவைப்படுகிற இடத்தில் மருத்துவம்தான் வேண்டும். அந்தக் கிராமத்தில் அர்னவாஸ் போல ஓரிரு பெண் ஓவியர்களே இருந்தார்கள் என்பதையும் நான் மறக்க விரும்பவில்லை. ஓவியராக நீடிப்பது பற்றிப் பேசும்போது, வீட்டில் சமைப்பது யார், குழந்தையைப் பார்ப்பது யார் என்ற கேள்வியையும் சேர்த்தே பேச வேண்டும். படித்து முடித்த எத்தனையோ பெண்கள் காணாமல் போனதற்குக் காரணம் திறமைக் குறைவு கிடையாது. அவர்களுக்கு நேரம் வாய்க்கவில்லை.

எல்லோருக்கும் கிராமம் அமையாது. வேலைக்குப் போய்க்கொண்டே ஓவியராக நிலைத்தவர்களும் உண்டு. நெசவாளர் சேவை மையம் என்று மத்திய அரசின் நிறுவனம் ஒன்று இருக்கிறது. கைத்தறிக்குப் புதிய வடிவங்கள் தருவது அதன் வேலை. நெசவாளருக்கு உதவத் தொடங்கிய அந்த நிறுவனம், மாதச் சம்பளம் கொடுத்து ஒரு தலைமுறை ஓவியர்களையும் காப்பாற்றியது. ரெட்டப்ப நாயுடு அங்கே வேலை பார்த்தார். துறையூர் அருகே கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலமும் பார்த்தார். ஆதிமூலம் பகலில் சேலைக்கும் துணிக்கும் வடிவம் வரைந்தவர். 1969-இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி நூறு காந்தி கோட்டோவியங்களை வரைந்ததும் அவரே. சிறுபத்திரிகைகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் வரைந்து கொடுத்தார். சிறுபத்திரிகை அன்று என்ன கொடுத்திருக்க முடியும்? சம்பளம் ஒரு பக்கம் வந்ததால்தான் மறுபக்கம் அவரால் அள்ளிக் கொடுக்க முடிந்தது.

இன்று அப்படிப்பட்ட வேலைகள் சுருங்கிவிட்டன. அரசுப் பள்ளிகளில் 2012-இல் பகுதிநேர ஆசிரியர்களாக வந்தவர்களில் ஓவியம் படித்தவர்கள் நிறையப் பேர். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகத் தெருவில் நிற்கிறார்கள். குழந்தைகளுக்கு ஓவியம் வேண்டும் என்று மேடையில் பேசுகிற சமூகம், அதைக் கற்றுத் தருகிறவருக்கு ஒரு குடும்பம் நடத்தும் அளவுக்குச் சம்பளம் தர மனம் வைக்க வேண்டும்.

பத்திரிகை ஓவியம் இன்னொரு வழி. தஞ்சையில் பிறந்து ஆனந்த விகடனில் புகழ்பெற்ற கோபுலு, பிறகு விளம்பரத் துறைக்குப் போனார். வலது கை பக்கவாதத்தால் முடங்கியபோது இடது கையால் வரையப் பழகினார். அந்த மன உறுதிக்குக் கும்பிடு போடலாம். ஆனால் கை ஓய்ந்த காலத்திலும் ஓவியருக்கு வருமானம் வர என்ன வழி என்பதை உறுதியோடு மட்டும் விட்டுவிட முடியாது. இங்கேதான் சட்டம் வருகிறது. தயவுசெய்து இந்த இடத்தில் வானொலியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஓவியத்தின் உரிமை முதலில் வரைந்தவருக்கே. அவர் வாழும் காலம் முழுதும், அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். ஆனால் விலக்குகள் உண்டு. நீங்கள் ஒரு பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்த்து, அதில் வெளியிடுவதற்காக வரைந்த படம் என்றால், பத்திரிகையில் வெளியிடும் உரிமை உரிமையாளருக்கு. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, மற்றப் பயன்பாடுகளின் உரிமை உங்களுக்கு. அந்தப் படம் நாளை காலண்டரில், தேநீர்க் கோப்பையில் வந்தால் கேட்கிற பாத்தியதை உங்களுக்கு இருக்கலாம். ஒருவர் பணம் கொடுத்துத் தன் வீட்டுக்கென்று ஓவியம் வரையச் சொன்னால் நிலைமை வேறு. எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் பதிப்புரிமையும் அவரிடமே போய்ச் சேரும். "படம் உங்களுக்கு, மறுபதிப்பு உரிமை எனக்கு" என்ற ஒரு வரியைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க இரண்டு நிமிடம் போதும்.

உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால், ஐந்து ஆண்டுகள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். மூலப் படம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியருக்கோ வாரிசுக்கோ அதில் பங்கு கேட்கவும் இடம் உண்டு. அந்தப் பங்கு பத்து சதவீதத்தைத் தாண்டாது. ஆனால் எந்தப் படம் எப்போது யாருக்குப் போனது என்று உங்களிடம் குறிப்பு இல்லாவிட்டால் எதைக் காட்டிக் கேட்பீர்கள்? படத்தின் பெயர், அளவு, ஆண்டு, புகைப்படம், வாங்கியவர் பெயர், விலை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

விற்ற பிறகும் படைத்தவருக்கு ஓர் உரிமை மிஞ்சுகிறது: தன் படைப்பைச் சிதைத்தால் கேள்வி கேட்கும் உரிமை. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் என்ற சிற்பி வெண்கலத்தில் ஒரு மாபெரும் சுவர்ச் சிற்பம் செய்திருந்தார். 1979-இல் அதைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சமிருப்பதை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. எதிர்த்தரப்பு மத்திய அரசு என்பதை நினைத்தால் ஒரு தனி மனிதரின் பிடிவாதம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

விலை பற்றியும் சொல்லியாக வேண்டும். கித்தான், வண்ணம், படச்சட்டம், வண்டிக் கூலி, அறை வாடகை, இவற்றோடு உங்கள் நாள்களுக்கான கூலி. இவ்வளவும் சேர்ந்ததுதான் அடக்க விலை. அதற்குக் கீழே விற்றால் வாங்குகிறவருக்கு உங்கள் பணத்தைக் கொடுத்து அனுப்புகிறீர்கள். கேலரி தன் பங்காக மூன்றில் ஒன்றோ, பாதியோகூட எடுத்துக்கொள்ளும். அது அதிகம் என்று கோபப்பட்டு, அதே படத்தை வீட்டில் வைத்துப் பாதி விலைக்குக் கொடுக்காதீர்கள். முன்பு முழு விலை கொடுத்து வாங்கியவர் அதைக் கேள்விப்படுவார். எங்கே விற்றாலும் ஒரே விலை என்று இருப்பதுதான் மரியாதை, அவருக்கும் உங்களுக்கும்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் இருப்பீர்கள், கடை வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். சுவரில் ஓர் ஓவியம் வரையச் சொல்லிவிட்டு, "நாலு பேர் பார்ப்பாங்க தம்பி, உனக்கும் பேர் வரும்" என்று கூலியைக் குறைக்காதீர்கள். கொத்தனாரிடம் அப்படிப் பேச மாட்டீர்கள். வேலை தொடங்கும்போது பாதிப் பணம், முடிந்ததும் மீதி, சுவரின் மூலையில் வரைந்தவர் பெயர். இந்த மூன்றையும் நீங்களாக முன்வந்து கொடுங்கள்.

இந்த ஆண்டு சென்னையிலோ கும்பகோணத்திலோ ஓவியப் படிப்பை முடித்து வெளியே வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தனியாக ஒரு ஸ்டுடியோ எடுக்க உங்களால் முடியாமல் போகலாம். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது. அச்சு ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் அங்கே பட்டறை வசதி உண்டு. நேரில் போய் விசாரியுங்கள். கூடவே உங்கள் வகுப்பிலேயே ஒத்த மனமுள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு பேர் இருந்தால் தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கத்தையே பதிவு செய்யலாம். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, ஊருக்கு வெளியே வாடகைக்கு ஒரு கொட்டகை, விற்பனையில் இவ்வளவு பொதுப் பணத்துக்கு என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம். வாரத்தில் எந்த நாள்கள் பிழைப்புக்கு, எந்த நாள்கள் சொந்த ஓவியத்துக்கு என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.